உவமையும் உண்மையும்

உவமை என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் புலவரே. முகத்தைத் திங்கள் என்பார். கண்ணைக் கயல் என்பார். கொடுக்கும் கையை மழை என்பார். கேட்கும் நாமும், "கவிஞர் அல்லரோ, சொல்லிவிட்டுப் போகட்டும்" என்று புன்னகையோடு இருந்துவிடுகிறோம். உவமை என்பது மொழிக்குப் பூட்டும் நகை; விழா நாளில் அணியலாம், வேலை நாளில் கழற்றிப் பெட்டியில் வைக்கலாம் என்பது நம் எண்ணம். பௌதிகம் பயிலும் மாணவனாகிய நானும் ஓராண்டுக்கு முன்புவரை அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஓர் உவமை என்னை நாற்காலியின் மேலிருந்து கீழே தள்ளிய பிறகே அந்த எண்ணம் மாறியது.

தள்ளியது உவமை என்று நான் சொல்வது மிகையன்று. நடந்ததைச் சொல்கிறேன்.

முதுகலை வகுப்பில் சேர்ந்து தில்லிக்கு வந்த புதிதில் எனக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை. நண்பர் ஒருவரோடு வாடகை அறை ஒன்றில் தங்கியிருந்தேன். ஒருநாள் இரவு அறையின் விளக்கு அணைந்துபோயிற்று. புதிய பல்பு வாங்கி வந்தேன். சுவிட்சை அணைத்தேன். நாற்காலியின்மேல் ஏறிப் பழைய பல்பைக் கழற்றினேன். ஹோல்டரின் பின் ஒன்று உள்ளே சிக்கியிருந்தது. அதை விரலால் நெம்பினேன். மறுகணம் தரையில் கிடந்தேன். தோள்வரை கை மரத்துப் போயிருந்தது. நண்பர் ஓடி வந்து தூக்கினார். சுவிட்சைப் பார்த்தேன், அது அணைந்தே இருந்தது.

என் தந்தையார் மும்பையில் தாராவியில் வாழ்பவர். முப்பது ஆண்டுகளாக வயர்மேன் வேலை செய்பவர். அன்றிரவே தொலைபேசியில் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். சுவிட்சை அணைத்த பிறகும் 'ஷாக்' அடித்தது எப்படி என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"ஏல, குழாயை மூடினே, சரி. எந்தப் பக்கத்துல மூடியிருக்குன்னு பாத்தியா?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டு விளக்குக்கு இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒன்று பேஸ், மற்றொன்று நியூட்ரல். சுவிட்சைப் பேஸ் கம்பியில் வைக்க வேண்டும். அந்த அறைக்கு வயரிங் செய்தவர் யாரோ, நியூட்ரல் கம்பியில் வைத்துவிட்டார். அப்படி வைத்தாலும் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், அணைத்தால் அணையும். ஆகவே குறை வெளியே தெரிவதில்லை. ஆனால் விளக்கு அணைந்திருக்கும்போதும் 230 வோல்ட்டு அழுத்தம் ஹோல்டர்வரை வந்து காத்திருக்கும். தரையோடு தொடர்புடைய மனித உடல் ஒன்று தொட்டால் அதன் வழியே இறங்கிவிடும்.

பௌதிகத்தில் பட்டம் பெற்ற எனக்கு இது தெரியாதா? தெரியும். தேர்வில் கேட்டிருந்தால் படம் வரைந்து பாகங்களையும் குறித்திருப்பேன். ஆனால் நாற்காலியின்மேல் ஏறியபோது என்னை நடத்தியது பட்ட வகுப்பில் படித்த பாடம் அன்று. பத்து வயதில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்த படம் ஒன்றே அன்று என்னை நடத்தியது. ஒரு தொட்டி, ஒரு குழாய், அதன் முனையில் ஒரு திருகு. தொட்டிதான் மின்கலம்; குழாய்தான் கம்பி; திருகுதான் சுவிட்சு. திருகை மூடினால் நீர் வராது. சுவிட்சை அணைத்தால் மின்சாரம் வராது. எவ்வளவு எளிய படம்! பதின்மூன்று ஆண்டுகளாக அது என் உள்ளத்தில் ஓசையில்லாமல் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

இதில் ஒன்றை நோக்க வேண்டும். என் தந்தையார் உள்ளத்திலும் இருந்தது அதே குழாய்தான். அவர் உவமையை ஒதுக்கிவிட்டுப் பேசவில்லை. நான் பாதி வழியில் நின்றுவிட்டேன். அவர் இன்னும் ஓரடி சென்றார். திருகு விளக்குக்கு அப்பால் இருந்தால், நீர் ஓடாது; ஆயினும் திருகுவரை குழாய் நிறைந்தே இருக்கும். எங்கே துளையிட்டாலும் பீறிடும். ஒரே உவமை, அரைகுறையாகக் கொண்டவனை வீழ்த்திற்று. முழுதும் ஆய்ந்தவருக்கு விளக்கம் தந்தது.

மூன்று மொழியிலும் ஓர் ஆறு

மின்சாரத்தை நீராகக் கண்டவர் எங்கள் பள்ளி ஆசிரியர் மட்டும் அல்லர். 'மின்னோட்டம்' என்கிறோம்; 'மின்சாரம் பாய்கிறது' என்கிறோம். ஆங்கிலத்தில் 'கரண்ட்' என்ற சொல்லுக்கு ஆற்றின் ஓட்டம் என்பதே பழம்பொருள். இங்கே நம்மோடு படிக்கும் இந்தி நண்பர்கள் 'வித்யுத் தாரா' என்கிறார்கள். தாரா என்பதும் நீரொழுக்கே. மூன்று மொழிகளும் ஒரே ஆற்றங்கரையில் நிற்கின்றன.

இதற்கு வரலாறு உண்டு. மின்சாரம் என்பது எல்லாப் பொருளிலும் நிறைந்துள்ள ஒரு பாய்மம் என்று 1747-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் கருதினார். அது மிகுந்திருந்தால் நேர், குறைந்திருந்தால் எதிர். கணக்குப் புத்தகத்து வரவும் பற்றும் போல அவர் இட்ட அந்தப் பெயர்களையே நாம் இன்றும் வழங்குகிறோம். 1822-இல் பூரியர், வெப்பம் பொருள்களின் வழியே பரவுவதைக் கணிதமாக்கினார். அதை முன்மாதிரியாகக் கொண்டு, 1827-இல் ஓம் என்பார் கம்பியில் மின்சாரம் செல்வதற்குரிய விதியை வகுத்தார். வெப்பம் வெம்மை மிக்க இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பாய்வது போல, மின்சாரமும் அழுத்தம் மிக்க இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பாயும் என்ற ஒப்புமை இல்லையேல், ஓம் விதி அந்த வடிவில் பிறந்திராது. ஆகவே உவமை விஞ்ஞானத்துக்குப் பகை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். பல வேளைகளில் அதுவே தாய்.

ஆனால் தாய் சொல்லும் எல்லாம் உண்மையாகிவிடுமா? 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டார். கம்பியில் நகர்பவை எலெக்ட்ரான்களே என்றும், அவை எதிர் மின்னூட்டம் உடையவை என்றும் பிறகு தெளிவாயிற்று. அதாவது, பிராங்க்ளின் வழிவந்த அம்புக்குறி ஒரு திசையைக் காட்டுகிறது. எலெக்ட்ரான்கள் நேர் எதிர்த் திசையில் செல்கின்றன. அவை செல்லும் வேகமோ வியப்புக்குரியது. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம் செல்வதாகக் கொண்டு கணக்கிட்டால், எலெக்ட்ரான் கூட்டம் ஒரு மணி நேரத்தில் நகரும் தொலைவு சுமார் 26 செண்டிமீட்டர்தான்! நத்தை அதை எளிதில் முந்திவிடும். நம் வீடுகளுக்கு வருவது நொடிக்கு 50 முறை ஊசலாடும் மாறுமின்னோட்டம். அதில் அவ்வளவு தொலைவும் இல்லை. அதே கம்பியில் அதே அளவு மாறுமின்னோட்டம் சென்றால், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த இடத்துக்குள் எலெக்ட்ரான்கள் முன்னும் பின்னும் ஆடுகின்றன. மின் நிலையத்திலிருந்து புறப்பட்டு நம் வீட்டு விளக்குக்கு வந்து சேரும் எலெக்ட்ரான் ஒன்றுகூட இல்லை. 'பாய்கிறது' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை நம்புவதே கடினமாக இருக்கிறது.

இன்னொன்று. குழாயை வெட்டினால் நீர் கொட்டும். கம்பியை வெட்டினால் மின்னோட்டம் நின்றுவிடும். உவமை கைவிடும் இடம் இதுவே.

தொல்காப்பியர் தரும் அளவுகோல்

உவமை எங்கே துணைசெய்யும், எங்கே கைவிடும் என்பதை அறிய வழி உண்டா? இக்கேள்வியோடு நூலகத்தில் உலவியபோது, விஞ்ஞான நூல்களுக்கு முன்னே எனக்கு உதவியது நம் தொல்காப்பியம். பொருளதிகாரத்தில் 'உவமவியல்' என்றே ஓர் இயல் இருக்கிறது. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன் அடியாக உவமை தோன்றும் என்கிறார் தொல்காப்பியர். புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை உவமை. மழை போன்ற கை என்றால் பயன் உவமை. துடி போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவு பற்றிய உவமை. பவளம் போன்ற வாய் என்றால் உரு, அதாவது நிறம் பற்றிய உவமை.

பள்ளியில் இதை மனப்பாடம் செய்தோம், மதிப்பெண் பெற்றோம், மறந்தோம். இப்போது மீண்டும் பாருங்கள். புலி போலப் பாய்ந்தான் என்று கேட்டவர் எவரேனும் அவனுக்கு வால் உண்டா என்று தேடுவாரா? தேடமாட்டார். ஒப்புமை பாய்ச்சலில் மட்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் 'மின்சாரம் நீர் போலப் பாய்கிறது' என்று கேட்ட நான் வாலைத் தேடினேன். அங்கே உள்ளது வினை உவமை. நான் அதை மெய் உவமையாகக் கொண்டுவிட்டேன். புலவரின் உவமையில் நமக்கு இருக்கும் விழிப்பு, பாடநூலின் உவமையில் இருப்பதில்லை. காரணம், புலவர் 'போல' என்று சொல்லிவிட்டு உவமை கூறுகிறார். பாடநூலில் அந்தப் 'போல' தேய்ந்து மறைந்துவிடுகிறது. உவமை உருவகமாகி, உருவகம் பெயராகி, பெயர் பொருளாகவே நம் முன் நின்றுவிடுகிறது.

இந்த அளவுகோலால் விஞ்ஞான வரலாற்றை அளந்து பார்ப்பது சுவையானது. வெப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒரு பாய்மம் என்றே ஒரு காலத்தில் கருதினர். 'கலோரிக்' என்று அதற்குப் பெயர். தற்கால இரசாயனத்தின் தந்தை எனப்படும் லவாய்சியர் 1789-இல் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில், ஆக்சிஜனோடும் ஹைட்ரஜனோடும் கலோரிக்கும் இடம் பெற்றிருந்தது. மியூனிக் நகரில் பீரங்கிக் குழல் துளைக்கும் வேலையை மேற்பார்த்த ரம்போர்டு பிரபு இதை ஐயுற்றார். மழுங்கிய துளைகருவியைக் குதிரைகளைக் கொண்டு சுழற்றினார். சூழ்ந்திருந்த நீர் இரண்டரை மணி நேரத்தில் தீயின்றிக் கொதித்தது. உராய்வு தொடரும்வரை வெப்பம் வந்துகொண்டே இருந்தது. பொருளுக்குள் அடைபட்ட பாய்மமானால் அது ஒருநாள் தீர வேண்டுமன்றோ? தீரவில்லை. ஆகவே வெப்பம் ஒரு பொருளன்று, ஓர் இயக்கம் என்று 1798-இல் எழுதினார்.

ஆயினும் கலோரிக் உவமை உடனே சாகவில்லை. 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ, நீராவி எந்திரத்தை நீர்ச்சக்கரத்தோடு ஒப்பிட்டார். உயரத்திலிருந்து தாழ்வுக்கு விழும் நீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது. உயர் வெப்பநிலையிலிருந்து தாழ் வெப்பநிலைக்கு விழும் கலோரிக் எந்திரத்தை இயக்குகிறது. எந்திரத்திடமிருந்து பெறத்தக்க வேலையின் மேல் எல்லையை முடிவு செய்வன அவ்விரு வெப்பநிலைகளே என்று அவர் கண்டார். கலோரிக் என்ற ஒன்று இல்லை என்று பிற்காலத்தில் உறுதியாயிற்று. ஆனால் கார்னோவின் முடிவு இன்றளவும் நிற்கிறது. நாங்கள் வகுப்பில் அதைப் படிக்கிறோம். ஏன்? அவர் உவமையில் மெய் பொய்த்தது, வினை பொய்க்கவில்லை. வெப்பம் நீர் அன்று; ஆனால் வேலை செய்வதற்கு அதற்கும் ஓர் ஏற்றத்தாழ்வு வேண்டும்.

அணுவின் கதையும் இத்தகையதே. 1911-இல் ரூதர்போர்டு அணுவின் நடுவே கரு இருப்பதைக் காட்டினார். 1913-இல் போர் என்பார் அதைச் சுற்றி எலெக்ட்ரான்களுக்குப் பாதைகள் வகுத்தார். ஞாயிறும் கோள்களும் போன்ற அணு பிறந்தது. இன்றும் பள்ளிச் சுவர்களில் அந்தப் படமே தொங்குகிறது. ஆனால் பழைய மின்னியல் விதிப்படி, சுற்றும் எலெக்ட்ரான் ஆற்றலை இழந்துகொண்டே கருவில் விழுந்துவிட வேண்டும். 1926-இல் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்த பிறகு, பாதை என்ற கருத்தே போயிற்று. 'எலெக்ட்ரான் மேகம்' என்கிறோம். மேகம் மட்டும் என்ன? அதுவும் மற்றோர் உவமைதானே! ஓர் உவமையை விட்டு வேறோர் உவமைக்குப் போகலாம். எல்லா உவமையையும் விட்டு வெற்றுக் கண்ணோடு அணுவைக் காண வழியில்லை. சமன்பாடு இருக்கிறதே எனலாம். உண்மை. ஆனால் சமன்பாட்டை எழுதும்போதும் உள்ளம் ஏதோ ஒரு படத்தைப் பற்றிக்கொண்டே நிற்கிறது.

நீரா, கூட்டமா?

உவமை மாறினால் சிந்தனை மாறும் என்பதற்குச் சான்று வேண்டுவோர்க்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். டெட்ரி ஜென்ட்னர், டொனால்ட் ஜென்ட்னர் என்னும் இருவர் 1983-இல் வெளியிட்டது அது. மின்சாரத்தை நீரோட்டமாக நினைக்கும் மாணவர்களையும், குறுகிய வாயிலில் புகுந்து செல்லும் கூட்டமாக நினைக்கும் மாணவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். கணக்குகள் இரு சாராருக்கும் ஒன்றே. மின்கலங்களைப் பல வகையில் இணைக்கும் கணக்குகளில் நீர் உவமை உடையோர் சிறந்து நின்றனர். மின்தடைகளை இணைக்கும் கணக்குகளில் கூட்ட உவமை உடையோர் சிறந்து நின்றனர். காரணம் விளங்குகிறது. இரண்டு தொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் என்ன ஆகும் என்பது நீரை நினைப்பவருக்குத் தெரியும். இரண்டு வாயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவிட்டால் கூட்டம் எளிதில் செல்லும் என்பது கூட்டத்தை நினைப்பவருக்குத் தெரியும். ஒவ்வோர் உவமையும் ஒரு சன்னலைத் திறக்கிறது. மற்றொரு சன்னலை மூடுகிறது.

இது விஞ்ஞானத்தோடு நிற்பதன்று. அன்றாடப் பேச்சே இப்படித்தான் அமைந்திருக்கிறது என்று ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் என்னும் அறிஞர்கள் 1980-இல் ஒரு நூலே எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஆங்கிலம். நம் தமிழைப் பாருங்கள். நேரத்தைச் 'செலவிடுகிறோம்', 'மிச்சப்படுத்துகிறோம்', 'வீணடிக்கிறோம்'. நேரம் பணமாகிவிட்டது. விவாதத்தைச் 'சொற்போர்' என்கிறோம், எதிரியை 'மடக்குகிறோம்', 'வெல்கிறோம்'. அதனால்தான் போலும், நம் சங்கக் கூட்டங்களிலும் விவாதம் முடிந்தபின் என்ன கற்றோம் என்று கேட்பார் இல்லை. யார் வென்றார் என்றே கேட்கிறார்கள்!

வெள்ளம் என்றொரு சொல்

இதுவரை சொன்னவற்றில் அடிபட்டது என் தோள் மட்டுமே. இனிச் சொல்லப்போவதில் அடிபட்டது உள்ளம்.

சில திங்களுக்கு முன் தேநீர்க் கடையில் நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். நல்லவர், என்மேல் அன்புடையவர். பேச்சு நகர நெருக்கடி பற்றித் திரும்பியது. "வெளியூர் மக்கள் வெள்ளமாக வந்துகொண்டே இருந்தால் நகரம் எப்படித் தாங்கும்?" என்றார். என்னை நினைத்து அவர் சொல்லவில்லை. ஆயினும் தேநீர் எனக்குக் கசந்துவிட்டது.

வெள்ளம்! மீண்டும் அதே நீர். என் தந்தையார் நெல்லைச் சீமையிலிருந்து மும்பைக்கு வெள்ளமாக வரவில்லை. சித்தப்பா எழுதிய கடிதம் ஒன்று கையில் இருந்தது. தகரப் பெட்டி ஒன்று தோளில் இருந்தது. முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டே வந்தார். வேலை கூப்பிட்டது, வந்தார். வெள்ளம் வீடுகளை இடிக்கும். அவர் வீடுகளுக்கு விளக்குப் போட்டார். வெள்ளத்துக்கு முகம் இல்லை, அவருக்கு உண்டு.

தொல்காப்பியரின் அளவுகோலை இங்கும் வைத்துப் பார்த்தேன். 'மக்கள் வெள்ளம்' என்பதில் ஒப்புமை எதில்? மிகுதியில் மட்டும். ஆனால் அந்தச் சொல் மிகுதியோடு நிற்கிறதா? அழிவையும் அச்சத்தையும் அழைத்துக்கொண்டு வருகிறது. அதற்கு மேலும் ஒன்று செய்கிறது: இன்னது செய்க என்று வழியும் கூறிவிடுகிறது. வெள்ளம் என்றால் என்ன செய்ய வேண்டும்? அணை கட்ட வேண்டும். எவரும் வாதாடி நிறுவ வேண்டியதில்லை. உருவகமே முடிவைத் தன் மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

உண்மை நிலை என்ன? 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி, ஓரிடம் விட்டு வேறிடம் வந்து வாழ்வோர் இந்தியாவில் 45 கோடிக்கும் மேல். அவர்களுள் பெரும்பாலோர் தம் மாநில எல்லையையே தாண்டாதவர்கள். மணம் முடித்துக் கணவன் ஊருக்குச் சென்ற பெண்களே அவர்களுள் மிகப் பெரும் பிரிவினர். இடம் பெயர்ந்தோர் என்றால் பாட்டியும் அத்தையும் அடங்குவர். அவர்களை வெள்ளம் என்று எவரும் சொல்லக் காணோம்.

இதை நண்பரிடம் சொல்லி வெல்ல எண்ணியிருந்தேன். ஆனால் சென்ற விடுமுறையில் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, உறவினர் ஒருவர் வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசினார். "அலை அலையா வந்து எறங்குறானுக" என்றார். தலை குனிந்தேன். இங்கே நாம் வெள்ளம்; அங்கே அவர்கள் அலை. தில்லியில் நான் கசந்து குடித்த தேநீரை, எங்கள் ஊரில் யாரோ ஒரு பீகார் இளைஞன் குடித்துக்கொண்டிருக்கக்கூடும். அவனுக்கும் ஊரில் கடிதம் எழுதிய சித்தப்பா ஒருவர் இருந்திருப்பார்.

நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளும் உவமைகளையும் ஆராய வேண்டும். "நமக்கு இங்கே வேர் இல்லை" என்று சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன். வேர் என்றால் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். பிடுங்கினால் வாடத்தான் வேண்டும். மனிதன் மரமா? அவனுக்குக் கால் இருக்கிறது. தமிழை மும்பையில் கற்று, தில்லியில் இக்கட்டுரையை எழுதும் நான் வாடிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நண்பர்களே, உவமையின்றிச் சிந்திப்போம் என்று நான் சொல்லவில்லை. அது இயலாது, இயன்றாலும் வேண்டாம். பூரியரின் வெப்பம் இன்றி ஓம் இல்லை; நீர்ச்சக்கரம் இன்றிக் கார்னோ இல்லை. நான் வேண்டுவது மறைந்துபோன அந்தப் 'போல' என்ற சொல்லை மீண்டும் தேடி எடுத்து அதன் இடத்தில் வைக்க வேண்டும் என்பதே. பாடநூலானாலும் செய்தித்தாளானாலும் உவமை ஒன்று எதிர்ப்பட்டால் மூன்று கேள்விகள் கேட்போம். ஒப்புமை எதில் - வினையிலா, பயனிலா, மெய்யிலா, உருவிலா? எந்த இடத்தில் அது கைவிடுகிறது? நம்மை அது என்ன செய்யச் சொல்லுகிறது? என் தந்தையார் நூல் எதுவும் படிக்காமலே கேட்ட கேள்வியும் இதுதான்: குழாய் எந்தப் பக்கத்தில் மூடியிருக்கிறது?

கடைசியாக, வாடகை அறைகளில் தங்கியிருக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். பல்பு மாற்றும்போது சுவிட்சை நம்பாதீர்கள்; மெயினை அணையுங்கள். இது உவமையன்று.